சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: எந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது, எந்த மாதம் எதைக் கவனிப்பது

வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சிக் குடியேறியாகிவிட்டது. அடுத்த வாரமே தெருவிளக்கு எரியாது, அல்லது சாக்கடை பொங்கும், அல்லது குப்பை வண்டி வராது. பக்கத்து வீட்டில் கேட்டால் "கார்ப்பரேஷன்ல சொல்லுங்க" என்பார்கள். எதைக் கேட்டாலும் அதே பதில்தான். சென்னையில் ஒரு தெருவை நாலைந்து துறைகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்பதும், தப்பான கதவைத் தட்டினால் புகார் அங்கேயே தூங்கிவிடும் என்பதும் ஒரு மழைக்காலம் போன பிறகுதான் புரியும். அந்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில்: நீங்கள் இருப்பது சென்னைதானா?

கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். தபால் முகவரியில் சென்னை என்று இருக்கும், வாடகை ஒப்பந்தத்திலும் சென்னை என்று இருக்கும், வீட்டு புரோக்கர் சத்தியம் பண்ணியிருப்பார். ஆனால் உள்ளாட்சி வேறாக இருக்கலாம். பெருநகர சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், வளசரவாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர், மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. அதற்கு வெளியே ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. தாம்பரம் 2021இல் ஆனது; பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல், அனகாபுத்தூர், சேலையூர் எல்லாம் அதில் அடக்கம். பூந்தமல்லி, திருவேற்காடு, மாங்காடு, குன்றத்தூர் ஆகியவை நகராட்சிகள். பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சி; அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போய் மேடவாக்கம் வந்தால் ஊராட்சி. போரூர் மாநகராட்சி, அதை ஒட்டிய அய்யப்பன்தாங்கல் ஊராட்சி. இந்த எல்லைகளை மாற்றும் பேச்சு அவ்வப்போது எழும் என்பதால் குடிவரும்போது ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுலபமான வழி: வீட்டு உரிமையாளரிடம் சொத்துவரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். யார் பெயரில் ரசீது அச்சாகியிருக்கிறதோ அவர்களே உங்கள் உள்ளாட்சி. "எதுக்கு?" என்று அவர் முகம் சுளித்தால், வார்டு எண் வேண்டும் என்று சொன்னால் போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மழை நாளில் தெரியும். 2018க்குப் பிறகு சென்னை மாவட்டத்தின் எல்லையும் மாநகராட்சியின் எல்லையும் ஒன்றாகிவிட்டன. "சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று காலையில் டிவியில் ஓடினால் அது சென்னை மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு. தாம்பரம், மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி திருவள்ளூர் மாவட்டம். குன்றத்தூர், மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம். அந்தந்த ஆட்சியர் தனித்தனியாக அறிவிப்பார். பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவதற்கு முன் எந்த மாவட்டம் என்று பாருங்கள்.

இனி சொல்வது பெரும்பாலும் சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு. மற்றவர்கள் எண்களையும் அலுவலகங்களையும் மாற்றிக்கொண்டால் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

தெருப் பலகையைப் படியுங்கள்

தெருமுனையில் மாநகராட்சி வைத்திருக்கும் பெயர்ப்பலகையை நின்று பாருங்கள். தெருப் பெயரோடு மண்டல எண்ணும் வார்டு எண்ணும் இருக்கும். வார்டை சில பலகைகளில் கோட்டம் என்று எழுதியிருப்பார்கள். கட்சிக்காரர்கள் வட்டம் என்பார்கள். மூன்றும் ஒன்றே. 2011 விரிவாக்கத்தின்போது மாநகராட்சி 200 வார்டுகளாகவும் 15 மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டது. பழைய பலகைகளில் பழைய எண்களே நிற்பது உண்டு. பலகை புதிதா, துருப்பிடித்ததா என்று பார்த்து, ரசீதோடு ஒப்பிடுங்கள். வார்டு எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913இல் பேசினாலும், வார்டு அலுவலகத்துக்குப் போனாலும், கவுன்சிலரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.

அப்படியே உங்கள் வாசலுக்கு நேரே இருக்கும் தெருவிளக்குக் கம்பத்தையும் பாருங்கள். பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். விளக்கு எரியவில்லை என்று சொல்லும்போது "பிள்ளையார் கோயில் பக்கத்துல" என்று சொல்வதற்கும் கம்ப எண்ணைச் சொல்வதற்கும் ஒரு வாரம் வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு வார்டிலும் எத்தனை பிள்ளையார் கோயில்!

யார் வேலை எது

இதில்தான் புதியவர்கள் மட்டுமல்ல, இங்கேயே பிறந்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, கொசு மருந்து, தெருநாய், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்துவரி: இவை மாநகராட்சி. தொலைபேசி எண் 1913, இருபத்துநான்கு மணி நேரமும்.

குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியம். 1978இல் தனியாக அமைக்கப்பட்டது. மாநகராட்சிக்கும் அதற்கும் அலுவலகம் வேறு, பொறியாளர் வேறு, வரி வேறு. புகார் எண் 1916, அல்லது 044 4567 4567.

குழப்பம் பிறக்கும் இடம் இங்கேதான். தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அது மழைத்தண்ணீர் என்றால் மாநகராட்சி. வட்டமான மூடி வழியாகப் பொங்கி வருகிறது, நாற்றமடிக்கிறது என்றால் மெட்ரோ வாட்டர். சாலையோரம் நடைபாதைக்கு அடியில் செவ்வகக் கான்கிரீட் பலகைகள் போட்டு மூடியிருப்பது மழைநீர் வடிகால். சாலை நடுவில் வட்ட இரும்பு மூடி போட்டிருப்பது பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயின் ஆள்நுழைவுக் குழி. மழை நாளில் இரண்டும் கலந்து ஓடும்போது இரண்டு இடத்திலும் புகார் கொடுத்து, இரண்டு புகார் எண்களையும் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒருவர் மற்றவரைக் காட்டும்போது கையில் இரண்டு எண்ணும் இருக்க வேண்டும்.

மின்சாரம் மின்வாரியம், அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வீட்டுக்குள் கரண்ட் இல்லை என்றால் அவர்கள். தெருவிளக்கு மட்டும் எரியவில்லை என்றால் மாநகராட்சி. மரக்கிளை மின்கம்பியில் உரசினால் மின்வாரியம், சாலையில் சாய்ந்து கிடந்தால் மாநகராட்சி. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் நீர்வளத் துறை. மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு போட்டிருக்கும் சாலையில் பள்ளம் என்றால் மெட்ரோ ரயில் நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும்.

ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறை, மாநகராட்சிக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுக்கப்பட்டது. மதுரையிலோ திருச்சியிலோ அட்டையை வைத்துக்கொண்டு வேளச்சேரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள், நாங்களும் இங்கேதான் இருந்தோம் என்று தனியாக மனு எழுத வேண்டியிருந்தது.

புகார் கொடுக்கும் விதம்

1913க்கு அழைக்கலாம், நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். குப்பை, விளக்கு, பள்ளம் போன்றவற்றுக்குச் செயலி நல்லது. படம் சேர்க்க முடியும். மழையில் அவசரம் என்றால் அழைப்புதான். எப்படிக் கொடுத்தாலும் மூன்று விஷயம்: வார்டு எண், கதவு எண்ணோடு சரியான இடம், ஒரே ஒரு பிரச்சினை. ஒரே புகாரில் குப்பை, நாய், விளக்கு மூன்றையும் எழுதினால் அது மூன்று பிரிவுகளில் எதற்குப் போகும்? ஏதாவது ஒன்றுக்குப் போய், அந்த ஒன்று முடிந்ததும் புகாரே முடிந்ததாகக் கணக்காகிவிடும்.

புகார் எண் குறுஞ்செய்தியாக வரும். அழித்துவிடாதீர்கள். சில சமயம் பள்ளம் அப்படியே இருக்க, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி வரும். கோபப்பட்டுப் புதிய புகார் கொடுப்பதைவிட, அன்றைய தேதியில் படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் திறக்கச் சொல்வது பலன் தரும். அதற்கும் அசையவில்லை என்றால் மேலே ஏறும் வரிசை இது: வார்டு உதவிப் பொறியாளர், அல்லது குப்பை, கொசு என்றால் சுகாதார ஆய்வாளர், பிறகு மண்டல அலுவலர், அதற்கு மேல் வட்டாரத் துணை ஆணையர். வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்று வட்டாரங்கள் உண்டு. கடைசியாக முதல்வரின் முகவரி, எண் 1100. நேராக 1100க்குப் போவதில் லாபம் இல்லை. அந்த மனுவும் சுற்றிக்கொண்டு அதே உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான் வரும்.

அந்த உதவிப் பொறியாளரை ஒருமுறையாவது வார்டு அலுவலகத்தில் நேரில் பார்த்துவிடுங்கள், புகார் எதுவும் இல்லாத ஒரு நாளில். காலையில் சீக்கிரம் போனால் ஆள் இருப்பார்; பிறகு களத்துக்குக் கிளம்பிவிடுவார். "இந்தத் தெருவுக்குப் புதுசா வந்திருக்கேன் சார்" என்று ஓர் அறிமுகம். நவம்பரில் அவர் போன் நூறு பேரால் அடிக்கும்போது உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

குப்பை

மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காதது நீலத் தொட்டி. சானிட்டரி நாப்கின், டயபர், உடைந்த கண்ணாடி போன்றவற்றைத் தனியாகத் தாளில் சுற்றி, அடையாளம் வைத்துக் கொடுங்கள். பல மண்டலங்களில் குப்பை எடுப்பது தனியார் நிறுவனங்களின் ஒப்பந்தம். பேட்டரி வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத்தான் 2025 ஆகஸ்ட்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். உங்கள் பகுதியில் யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வண்டி வரவில்லை என்றால் புகார் போவது 1913க்கே; ஒப்பந்தக்காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள்தான் இரவில் தெருமுனைத் தொட்டிக்கு அருகில் பையை வீசிவிட்டுப் போகிறார்கள். நாய் கிழிக்கும், மாடு மேயும், மறுநாள் மழை பெய்தால் அந்தப் பிளாஸ்டிக் பை நேராக வடிகால் வாய்க்குப் போகும். வண்டிக்காரரிடம் பேசி, வாசல் கம்பியில் இரண்டு பைகளாக மாட்டி வைத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அவரோடு சண்டை போட்டுச் சாதித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வீடு மாறும்போது பழைய மெத்தை, உடைந்த சோபா, பீரோ என்று ஏதாவது மிஞ்சும். அவற்றைத் தெருவில் இறக்காதீர்கள். மாநகராட்சி வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் ஏற்பாடு இருக்கிறது. 1913இல் முன்கூட்டிப் பதிய வேண்டும். வீடு இடித்த செங்கல், சிமென்ட் கழிவுக்கு விதி தனி. அதைத் தெருவோரம் கொட்டினால் அபராதம்.

ஆகஸ்ட், செப்டம்பர்: மழைக்கு முன்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். ஆகவே செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய வெயிலில்தான்.

ஒரு மாலையில் உங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். நடைபாதையின் ஓரத்தில், சாலை மட்டத்தில், தண்ணீர் உள்ளே இறங்கும் சின்ன வாய்கள் இடைவெளி விட்டு இருக்கும். குனிந்து பாருங்கள். சில வாய்களில் கம்பி தெரியும், உள்ளே இருட்டு தெரியும். அவை நன்றாக இருக்கின்றன. சிலவற்றில் மண் மேலேறி அருகம்புல் முளைத்திருக்கும். சிலவற்றை யாரோ வீடு கட்டியபோது சிமென்ட்டால் பூசியே விட்டிருப்பார்கள். சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில் சில பாதி புதைந்திருக்கும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்று குறித்து, "மழைநீர் வடிகால் தூர்வார வேண்டும்" என்று புகார் பதியுங்கள். செப்டம்பரில் தூர்வாரும் ஆட்கள் எப்படியும் களத்தில் இருப்பார்கள். உங்கள் தெரு அவர்கள் பட்டியலில் ஏறிவிடும். நவம்பரில் இதே புகாரைக் கொடுத்தால் மோட்டார் பம்புதான் வரும், அதுவும் முறை வந்தால்.

தூர்வாரிய சேற்றை அங்கேயே ஓரமாகக் குவித்துவிட்டுப் போவதும் நடக்கும். காயட்டும் என்பார்கள். காய்வதற்குள் ஒரு மழை வந்தால் அது இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். சேற்றை அள்ளிப் போகச் சொல்லித் தனியாக ஒரு புகார் கொடுங்கள்.

புதிய குடிநீர், கழிவுநீர் இணைப்பு வேண்டும் என்றாலும் இப்போதே விண்ணப்பியுங்கள். மழைக்காலத்தில் சாலை வெட்ட மாநகராட்சி தடை போட்டுவிடும். பிறகு தைக்குப் பின்தான். மொட்டை மாடி மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் குழாய் இருக்கும், அது போய்ச் சேரும் தொட்டி மண்ணால் மூடியிருக்கும். வாடகைக்கு இருந்தாலும் உரிமையாளரிடம் கேளுங்கள். அந்த ஒரு வேலையால் தெருவுக்குப் போகும் தண்ணீரும் குறையும், மார்ச்சில் போர்வெல்லும் கைகொடுக்கும்.

மரக்கிளை வெட்ட வேண்டுமா, அதையும் இப்போது கேளுங்கள். நீங்களாக ஆள் வைத்து வெட்டாதீர்கள், அனுமதி வேண்டும்.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வரத் தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். அவர்கள் தேடுவது சாக்கடையில் இருக்கும் கொசுவை அல்ல. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத சம்ப், பூந்தொட்டித் தட்டு: இவற்றைத்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கொசுப்புகை அடிக்கும் வண்டியை எதிர்பார்த்து உட்காருவதைவிட வாரம் ஒருமுறை அந்த ஃப்ரிட்ஜ் தட்டைக் கவிழ்ப்பது மேல்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தெருவெங்கும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் கிடக்கும். பெரும்பாலும் அது அக்டோபர், மழை எட்டிப் பார்க்கும் சமயம். வாழை மட்டை வடிகால் வாயில் போய்ச் செருகிக்கொண்டால் எந்த மோட்டாரும் உதவாது. அன்று மட்டும் குப்பை வண்டி தாமதமாக வந்தாலும் பொறுத்திருந்து கையில் கொடுத்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர்: தண்ணீர் வரும்போது

வானிலை மையத்தின் நிறங்களை எல்லாரும் பார்க்கிறார்கள், அளவை யாரும் பார்ப்பதில்லை. மஞ்சள் என்றால் பொதுவாக 7 முதல் 11 சென்டிமீட்டர் மழை எதிர்பார்ப்பு. ஆரஞ்சு 12 முதல் 20. சிவப்பு அதற்கும் மேல். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்த எச்சரிக்கைக்கு எவ்வளவு பதற வேண்டும் என்று பிடிபடும்.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு மழையோடு ஏரியும் சேர்ந்த கணக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. 21, 22 அடி தாண்டியதும் உபரிநீர் திறப்பு பற்றிய செய்தி வரும். திறந்தால் அந்தத் தண்ணீர் அடையாறு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் இருப்பவர்கள் வாசலில் பெய்யும் மழையைப் பார்க்காமல் ஏரிக்கு வரும் நீரின் அளவையும் வெளியேறும் அளவையும் பார்க்க வேண்டும். மழை விட்ட பிறகு தண்ணீர் ஏறியது என்று ஆற்றங்கரைக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். புழல் ஏரியைத் திறந்தால் இதே கவலை மணலி, எண்ணூர் பக்கம்.

புயல் எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் கார்களை வரிசையாக மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். ஊர் சிரிக்கும், ஆனால் 2015லும் 2023லும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து செலவழித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். உங்கள் தெரு தாழ்வானதா என்று இருபது வருஷம் அங்கேயே இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கடைச் சுவரிலேயே கை வைத்துக் காட்டுவார். எந்த வரைபடமும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

தண்ணீர் தேங்கினால் 1913. ஒவ்வொரு பருவமழைக்கும் மண்டலத்துக்கு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் கண்காணிப்புக்குப் போடுவார்கள். அவர்களின் தொலைபேசி எண்களை மாநகராட்சி வெளியிடும். அந்தப் பட்டியல் வந்த அன்றே உங்கள் மண்டலத்தின் எண்ணைச் சேமித்துவிடுங்கள். பேரிடர் உதவிக்கு மாநில அளவில் 1070, மாவட்ட அளவில் 1077. நிவாரண மையம் பெரும்பாலும் பக்கத்து மாநகராட்சிப் பள்ளி அல்லது சமுதாயக் கூடமாக இருக்கும். எது என்று முன்பே கேட்டு வையுங்கள், வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம்.

சுரங்கப்பாதைகளை நம்பாதீர்கள். கணேசபுரம், அரங்கநாதன், மேட்லி, துரைசாமி: கனமழையில் இந்தப் பெயர்கள் செய்தியில் வந்தபடி இருக்கும். வண்டியை உள்ளே விடுவதற்கு முன் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது வண்டி வருகிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்டாதீர்கள், அந்த ஒரு நாள் மட்டுமாவது. சாலையோரம் இருக்கும் பில்லர் பாக்ஸ் என்ற மின்பகிர்வுப் பெட்டி தண்ணீரில் மூழ்கினால் அவர்களே நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும். அந்தப் பெட்டிக்கும் அறுந்து கிடக்கும் கம்பிக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று தெருக்காரர்களே சாலை நடுவே இருக்கும் ஆள்நுழைவுக் குழியின் மூடியைத் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு மழையிலும் ஏதாவது ஒரு தெருவில் இது நடக்கிறது. தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. விழுந்தவர் வெளியே வருவது அரிது. மழைநீர் புகுந்ததும் கழிவுநீர்க் குழாய் நிரம்பி, தரைத்தள வீடுகளின் கழிப்பறை வழியாகவே பின்னோக்கி வரும். யாராவது திறப்பதைப் பார்த்தால் தடுங்கள். ஏற்கெனவே திறந்து கிடந்தால் ஒரு மரக்கிளையையாவது நட்டு வைத்துவிட்டு 1916ஐ அழையுங்கள். அடைப்பெடுக்கக் குழிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் குடியிருப்பின் செப்டிக் டேங்குக்கும் அது பொருந்தும். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு மருத்துவ முகாம் போடுவார்கள். காய்ச்சல் என்றால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், இலவசம். சம்ப்பில் வெள்ளநீர் கலந்திருந்தால் முழுக்க இறைத்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

தை முதல் ஆடி வரை

போகிக்குப் பழைய பாய், டயர், துணியை எரிக்காதீர்கள்; மாநகராட்சி வண்டி வந்து வாங்கிக்கொள்ளும். அந்தப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தடம் மாறிய வருஷங்கள் உண்டு. தீபாவளிக் குப்பைக்கும் இப்படித்தான்: பட்டாசுக் கழிவைத் தனிச் சாக்கில் கட்டிக் கொடுங்கள், அதை மற்ற குப்பையோடு சேர்க்காமல் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவார்கள்.

மார்ச் வந்தால் தண்ணீர்க் கவலை. குழாயில் வராத பகுதிகளுக்கு மெட்ரோ வாட்டர் லாரியை இணையத்தில் பணம் கட்டிப் பதியலாம். 6,000 லிட்டர், 9,000 லிட்டர் என்று கிடைக்கும். சம்ப் அடியைத் தொட்ட பிறகு பதிந்தால் தனியார் லாரிக்காரர் சொன்ன விலைதான். பாதி இருக்கும்போதே பதியுங்கள். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

ஏப்ரலும் அக்டோபரும் வரி மாதங்கள். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும். குடிநீர், கழிவுநீர் வரி தனி. அதை மெட்ரோ வாட்டரில் கட்ட வேண்டும். சொந்த வீடு வாங்கியவர்கள் இரண்டிலும் பெயர் மாற்றம் செய்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையே பதிந்துவிடும், நீங்கள் எழுத்துப்பிழை பார்த்தால் போதும். நாய் வளர்ப்பவர்கள் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டும்.

செய்தி எங்கே பார்ப்பது, யாரைப் பார்ப்பது

மாநகராட்சியின் சமூக ஊடகப் பக்கத்தைப் பின்தொடருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மதியம் 2 வரை என்று முந்தின நாள் நாளிதழ்களில் வரும். உங்கள் தெருப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் சேருங்கள். அதில் காலை வணக்கமும் போலிப் புயல் செய்தியும் நிறைய வரும். ஆனால் தண்ணீர் லாரி தெருமுனைக்கு வந்துவிட்டது என்ற செய்தி வேறு எங்கும் வராது.

கவுன்சிலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016 முதல் 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகளின் ஆட்சிதான். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகுதான் மன்றம் திரும்பவும் கூடியது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாளில் வார்டுகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்ததில் முதலமைச்சரே உட்கார்ந்தார். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில்.

வாடகைக்காரர் பேசலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். அந்த வார்டு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுப்பார்கள் என்பதும் உண்மை. கூட்டத்துக்குப் போகும்போது பேச்சைத் தயார்செய்யாதீர்கள். ஒரு பக்கத்தில் மனு, கீழே தெருக்காரர்கள் பத்துப் பேரின் கையெழுத்து, பின்னால் பழைய புகார் எண்களும் படங்களும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.